எலும்போடு எலும்பு: குர்துபாவிலிருந்து பூவிருந்தவல்லி வரை

திருக்குர்ஆனை ஓதக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு முன்பற்கள் விழுந்துவிட்டால் என்ன நேரும் என்பதை ஓதத் தெரிந்தவர்கள் எளிதில் உணர்வர். அரபி எழுத்துகளுள் ஸா, தால், ளா ஆகிய மூன்றும் நாவின் நுனி மேல்முன்பற்களின் விளிம்பைத் தொடும்போது பிறப்பவை. ஃபா என்னும் எழுத்தோ, அதே பற்களின் விளிம்பு கீழுதட்டின் உட்புறத்தில் படும்போது பிறப்பது. தஜ்வீத் கலையின் இமாமான இப்னுல் ஜஸரீ (ரஹ்) அவர்கள் எழுத்துகள் பிறக்கும் இடங்கள் பதினேழு என வகுத்தபோது, பற்களுக்கும் அவற்றில் பங்களித்தார்கள். பல் போனால் சொல் போகும் என்று நம் பெரியோர் பொதுவாகச் சொல்வதுண்டு. ஓதிக் கொடுப்பவருக்கோ அது உவமையன்று, அன்றாட வாழ்வு.

அம்பத்தூர்ப் பகுதியில் மக்தபு ஒன்றில் பல்லாண்டுகளாகச் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுத்துவரும் ஹஜ்ரத் ஒருவர் நம்முடைய நெடுநாளைய நண்பர். நீரிழிவும் ஈறு நோயும் சேர்ந்து அவருடைய மேல்முன்பற்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோயின. கழற்றி மாட்டும் பல்செட்டு வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் ஓட்டினார். ஓதும்போது அது நழுவியது. சிறுவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இறுதியில், தாடை எலும்பிலேயே உலோக வேரை ஊன்றி அதன்மேல் பல்லைப் பொருத்தும் சிகிச்சையை நாடிச் சென்றார். இம்பிளாண்ட் என்று மருத்துவமனைகளில் வழங்குவது இதுவே.

படமெடுத்துப் பார்த்த மருத்துவர், "ஐயா, உங்கள் தாடை எலும்பு மிகவும் ஒடுங்கிவிட்டது. இருக்கிற அகலம் 4 மி.மீ. தான். முதலில் எலும்பை அகலப்படுத்த வேண்டும். அதற்கு எலும்புத் தூள் வைக்க வேண்டும்" என்றாராம். ஹஜ்ரத் வீடு திரும்பும் வழியிலேயே நம்மிடம் வந்துவிட்டார். "எலும்பு வைப்பார்களாம். யாருடைய எலும்பு? எதனுடைய எலும்பு? அதை வாயில் வைத்துக்கொண்டு நான் தொழலாமா, ஓதலாமா?" என்று வினவினார்.

அந்த வினாவுக்கு விடை தேடப் புகுந்த நமக்கு ஓர் உண்மை புலனாயிற்று. இது நவீன மருத்துவம் எழுப்பிய புதிய வினாவன்று. நம் முன்னோர்களான மருத்துவர்களும் சட்ட மேதைகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, விடையும் எழுதி வைத்துச் சென்ற வினா இது.

பொன்னால் ஒரு மூக்கு

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்னும் நபித்தோழர், இஸ்லாத்துக்கு முற்பட்ட அறியாமைக் காலத்தில் குலாப் என்னுமிடத்தில் நடந்த போரில் தம் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொன்னால் மூக்குச் செய்துகொள்ளுமாறு அவருக்குப் பணித்தார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது.

ஆண்களுக்குப் பொன் அணிதல் விலக்கப்பட்ட மார்க்கத்தில் இந்த அனுமதி கருதத்தக்கது. உடலின் குறையை நிறைவு செய்வது அலங்காரமன்று, தேவை என்பதை இது உணர்த்துகிறது. உடல் ஏற்றுக்கொள்ளும் பொருள் எது, ஏற்றுக்கொள்ளாத பொருள் எது என்று பார்த்தே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்குகிறது. பிற்காலத்தில் ஆடும் பற்களைப் பொன் கம்பியால் கட்டுவது கூடுமா என்று ஆய்ந்த இமாம்கள் இந்நிகழ்ச்சியையே சான்றாகக் கொண்டார்கள்.

குர்துபாவின் அறுவை மருத்துவர்

அந்துலூசியாவின் தலைநகராகிய குர்துபாவை அடுத்து எழுந்த மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் நகரில் வாழ்ந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. ஏறத்தாழ 936-இல் பிறந்து 1013-இல் மறைந்தவர். ஐரோப்பியர் இவரை அல்புகாசிஸ் என அழைத்தனர். முப்பது பகுதிகளைக் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்னும் மருத்துவப் பெருநூலை ஏறக்குறைய கி.பி. 1000-இல் நிறைவு செய்தார். அதன் முப்பதாம் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் வரையப்பட்டுள்ளன.

பல்லைப் பிடுங்கும் முறையை விளக்குமிடத்தில், கல்லாத நாவிதர்கள் துணிச்சலுடன் பல்லைப் பிடுங்க முனைந்து வேரை உள்ளே விட்டுவிடுவதையும், பல்லோடு தாடை எலும்பின் துண்டையும் பெயர்த்தெடுத்துவிடுவதையும் கண்டு அவர் வருந்தி எழுதுகிறார். பல்லுக்குரிய எலும்பைக் காப்பது பல்லைப் பிடுங்குவதைக் காட்டிலும் பெரிது என்பதை அன்றே அவர் அறிந்திருந்தார்.

ஆடும் பற்களைக் கம்பியால் பின்னிக் கட்டும் முறையையும் விளக்கியிருக்கிறார். வெள்ளி சில நாள்களில் களிம்பேறும், பொன்னோ மாறாது நிற்கும் என்பதால் பொன்னே சிறந்தது என்கிறார். அர்ஃபஜா (ரலி) அவர்களின் வெள்ளி மூக்கும் பொன் மூக்கும் இங்கே நம் நினைவுக்கு வருகின்றன. அதன்பின் அவர் கூறுவதுதான் நம் பொருளுக்கு இன்றியமையாதது. விழுந்த பல்லை அதன் குழியிலேயே திரும்ப வைத்துக் கட்டலாம். அல்லது மாட்டின் எலும்பைப் பல்லின் வடிவில் செதுக்கி, பல் இருந்த இடத்தில் வைத்து அண்டைப் பற்களோடு பிணைக்கலாம். அது நிலைத்து நின்று பயன் தரும் என்கிறார்.

இந்நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலைடோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு இலத்தீனில் மொழிபெயர்த்தார். 1465-இல் ஷரஃபுத்தீன் சபூஞ்சுஓக்லு என்னும் துருக்கிய மருத்துவர் அதைத் தழுவித் துருக்கி மொழியில் வண்ணப் படங்களுடன் எழுதினார். 1778-இல் ஆக்ஸ்போர்டில் அரபி மூலமும் இலத்தீனும் சேர்ந்து அச்சாயின.

எலும்பு பற்றி நம் இமாம்கள்

மருத்துவர்கள் எலும்பைச் செதுக்கிக்கொண்டிருந்த அக்காலத்தே, ஃபிக்ஹு அறிஞர்கள் அந்த எலும்பு தூய்மையானதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

ஹனஃபீ மத்ஹபின் இமாம் காஸானீ (ரஹ், மறைவு 1191) அவர்கள் தம் 'பதாயிஉஸ் ஸனாயிஃ' என்னும் நூலில் ஒரு கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்துள்ளார்கள். விழுந்த தன் பல்லையே ஒருவர் திரும்பப் பொருத்திக்கொள்வதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களும் விரும்பவில்லை. முறைப்படி அறுக்கப்பட்ட ஆட்டின் பல்லை வைத்துக் கட்டிக்கொள்ளட்டும் என்றார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, தன் பல்லைத் தானே வைத்துக்கொள்வதில் குற்றமில்லை, பிறர் பல்லே கூடாது என்றார்கள். மனித உடலின் கண்ணியத்தைக் காப்பதே இவ்விவாதத்தின் அடிப்படை.

முகலாய மன்னர் அவுரங்கசீபின் ஆட்சியில் தொகுக்கப்பெற்ற 'ஃபதாவா ஆலம்கீரி'யில், ஆடு, மாடு, ஒட்டகம், குதிரை முதலியவற்றின் எலும்பால் சிகிச்சை செய்துகொள்வதில் தவறில்லை என்றும், பன்றி எலும்பும் மனித எலும்பும் மட்டும் விலக்கென்றும் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கூற்று இடம்பெற்றுள்ளது.

ஷாஃபிஈ மத்ஹபின் தூணாகிய இமாம் நவவீ (ரஹ், மறைவு 1277) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில் தொழுகையின் நிபந்தனைகளைக் கூறுமிடத்தில் இதே பிரச்சினையை எடுத்துக்கொள்கிறார்கள். தூய்மையான பொருள் கிடைக்காத நிலையில் தன் எலும்பை அசுத்தமான ஒன்றோடு இணைத்துக்கொண்டவர் மன்னிக்கப்பட்டவர். தூய்மையானது கிடைத்தும் அவ்வாறு செய்தவரோ, வெளிப்படையான தீங்கு நேருமென்ற அச்சம் இல்லையாயின், அதை அகற்றிவிட வேண்டும். இதுவே அவர்கள் கூறும் தீர்ப்பின் கருத்து.

எலும்பை எலும்போடு சேர்த்தல் என்னும் செயலைத் தொழுகைப் பாடத்திலேயே வைத்துப் பேசிய சமுதாயம் நம்முடையது. ஆகவே ஹஜ்ரத்தின் வினாவைக் கேட்டு நாம் நாணவோ தயங்கவோ வேண்டியதில்லை.

பல் போனபின் எலும்பு ஏன் ஒடுங்குகிறது?

பல்லைத் தாங்குவதற்கென்றே அமைந்த பகுதி தாடையின் மேல்வரம்பு. மெல்லும்போது பல் தரும் அழுத்தமே அந்த வரம்புக்கு உயிர். பல் போனதும் வேலையிழந்த எலும்பு கரையத் தொடங்குகிறது. உதட்டை அடுத்த வெளிச்சுவர் இயல்பாகவே மெல்லியது. அதுதான் முதலில் கரைகிறது. ஆதலால் எலும்பு உயரத்தில் குறைவதைவிட விரைவாக அகலத்தில் குறைகிறது. பல் பிடுங்கிய ஓராண்டுக்குள் வரம்பின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடக்கூடும். அந்த இழப்பில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது.

வழக்கமாக ஊன்றப்படும் உலோக வேரின் விட்டம் ஏறக்குறைய 4 மி.மீ. அதன் இருபுறமும் குறைந்தது 1 மி.மீ. எலும்பாவது சுவராக நிற்க வேண்டும். ஆக 6 மி.மீ. அகலமேனும் தேவை. மெல்லிய மரச்சட்டத்தில் பருத்த ஆணியை அடித்தால் சட்டம் பிளந்துவிடும் என்பதை எந்தத் தச்சரும் சொல்வார். 4 மி.மீ. எலும்பை வைத்திருந்த ஹஜ்ரத்தின் நிலை அதுவே.

ஐரோப்பா கண்ட வழி

அஸ்ஸஹ்ராவீ வைத்த எலும்புப்பல் அண்டைப் பற்களைப் பற்றி நின்றதேயன்றித் தாடையில் வேர்விடவில்லை. தாடையிலேயே வேரூன்றச் செய்ய வேண்டும் என்ற ஆசை மனிதனுக்குப் பழையதுதான். ஹோண்டுராஸ் நாட்டில் 1931-இல் கிடைத்த பழங்கால மாயா இனத் தாடையொன்றில் சிப்பி ஓட்டைச் செதுக்கிப் பற்களாகப் பதித்திருந்தார்கள். பின்னர் எக்ஸ்ரே எடுத்தபோது அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது.

1940-களில் சுவீடனில், எலும்பைத் துளைக்காமல் ஈறுக்கடியில் தாடையின்மேல் உலோகச் சட்டம் பொருத்தும் முறை தொடங்கியது. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்கரான லியனார்டு லிங்கோ, ஒடுங்கிய தாடைகளுக்கென்றே கத்தி அலகு போன்ற மெல்லிய தகட்டை வடிவமைத்தார். பருத்த திருகு நுழையாத இடத்தில் தகடு நுழையுமல்லவா! சிலருக்கு அது நெடுநாள் நின்றது. பலருக்கு எலும்புக்கும் தகட்டுக்கும் இடையே நார்த்திசு வளர்ந்து, தளர்ந்து, எடுக்க வேண்டியதாயிற்று. எடுக்கும்போது இருந்த எலும்பும் போயிற்று.

திருப்பம் தந்தவர் சுவீடன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் பெர் இங்வார் பிராணமார்க் (1929-2014). 1952-இல் அவர் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான சிறு கருவியொன்றைப் பதித்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கருவியை எடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தைப் பகையெனத் தள்ளாமல் தன்னுடன் பிணைத்துக்கொண்டிருந்தது. 1965-இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளை அவர் ஊன்றினார். அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை, நாற்பதாண்டுகளுக்கு மேல், அவை அவருக்குப் பயன்பட்டன. 1982-இல் கனடாவின் டொராண்டோ நகரில் கூடிய மாநாட்டுக்குப் பிறகே உலகப் பல் மருத்துவர்கள் இம்முறையைப் பரவலாக ஏற்றனர். அந்த உலோகத்தின் தாதுவாகிய இல்மனைட், நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் கலந்து கிடக்கிறது என்பதும் நாம் அறிய வேண்டிய செய்தியாகும்.

ஒடுங்கிய எலும்புக்கு இன்று வழிகள் பல. முதலாவது, 3.5 மி.மீ.க்கும் குறைந்த விட்டமுள்ள மெல்லிய வேரை ஊன்றுதல். டைட்டானியத்தோடு சிர்கோனியம் கலந்த வலிய உலோகக் கலவை இதற்கு உதவுகிறது. இரண்டாவது, வரம்பை நடுவே பிளந்து இரு சுவர்களையும் மெல்ல விலக்கி இடைவெளியில் வேரை ஊன்றுதல். 1990-களில் இத்தாலிய மருத்துவர்கள் இதைச் செம்மைப்படுத்தினர். மூன்றாவது, நோயாளியின் கீழ்த்தாடைப் பின்புறத்திலிருந்தோ மோவாயிலிருந்தோ எலும்புத் துண்டெடுத்து ஒட்டுதல். நான்காவது, எலும்புத் தூளை இட்டு, அதன்மேல் மென்சவ்வொன்றைப் போர்த்தி, உள்ளே புதிய எலும்பு வளரும்வரை காத்திருத்தல்.

அந்தத் தூள் பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்து செய்யப்படுவது. அதிலுள்ள உயிர்ப்பொருளெல்லாம் நீக்கப்பட்டுத் தாதுப்பொருள் மட்டும் எஞ்சும். குர்துபாவின் மருத்துவர் பல்லாகச் செதுக்கிய மாட்டெலும்பு, ஆயிரம் ஆண்டுகள் கழித்து, பல் வேரூன்றும் நிலமாகத் திரும்பி வந்திருக்கிறது!

நம் நாட்டில், நம் சாலையில்

இந்தியாவில் பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் ஒரு முஸ்லிம் அறிஞர் என்பதை நம் இளைஞர்கள் அறிவார்களா? டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மது 1890-இல் வங்காளத்தில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1920-இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1949-இல் அதை அரசுக்கே அளித்துவிட்டார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்று 1965-இல் மறைந்தார். அவர் பிறந்த டிசம்பர் 24-ஆம் நாள் இந்தியாவில் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

சென்னையில் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960-களில் எழுந்து, பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கே குடியேறின. அக்காலத்தில் பல்வலி வந்தால் புறநகர் இரயிலேறிக் கோட்டை நிலையத்தருகேயுள்ள அரசு பல் மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். 1988-இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. முகப்பேரிலும் போரூரிலும் பிற கல்லூரிகள் தொடர்ந்தன. சுவீடனிலும் இத்தாலியிலும் பிறந்த முறைகள் இன்று இச்சாலையோரத்து வகுப்புகளில் பாடமாக நடத்தப்படுகின்றன.

அதே 1988-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஒருவரின் உடலின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு உறுப்பை மாற்றிப் பொருத்துவது, கிடைக்கும் நன்மை நேரக்கூடிய தீங்கைவிட மிகையாயின் கூடும் என்று தீர்மானித்தது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து நம் காலத்தில் கூட்டு முடிவாகவே வெளிவந்தது எனலாம்.

ஹஜ்ரத் கேட்ட கேள்வி

இவற்றையெல்லாம் ஹஜ்ரத்திடம் எடுத்துக் கூறினோம். "மாட்டெலும்பைப் பற்றி நம் இமாம்களின் சொற்கள் இவை. உங்கள் எலும்பையே எடுத்து வைப்பதாயின் ஐயத்துக்கே இடமில்லை. தூளின்மேல் போர்த்தும் சவ்வு எதனால் ஆனது என்று மட்டும் மறவாமல் கேளுங்கள்" என்றோம்.

மறுமுறை சென்றபோது அவர் அவ்வாறே கேட்டிருக்கிறார். இளம் பெண் மருத்துவர் ஒருவர், நம் சமுதாயத்தவர் அல்லர், சற்றும் முகம் சுளிக்காமல் பெட்டியை எடுத்துவந்து அதில் அச்சிட்டிருந்ததைப் படித்துப் பார்த்தார். "ஐயா, இந்தச் சவ்வு பன்றியின் கொலாஜனில் செய்தது. நல்லவேளை, கேட்டீர்கள். மாட்டுக் கொலாஜனில் செய்ததும் இருக்கிறது. உங்கள் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதிலிருந்து ஒரு படலம் செய்து போர்த்தவும் முடியும்" என்றாராம். ஹஜ்ரத் தம் தாடையின் பின்புறத்து எலும்பையும் தம் இரத்தத்தில் உண்டான படலத்தையுமே தேர்ந்துகொண்டார்.

அவர் கேளாதிருந்தால்? அறியாமல் நிகழ்ந்ததை அல்லாஹ் மன்னிப்பவன். ஆயினும் கேட்டால் கிடைக்கும் தூய பொருள் இருக்கும்போது கேளாமலிருப்பது நம் குறை. மருத்துவர் மறைத்தார் என்று பின்னால் வருந்துவதில் நியாயமில்லை. அவருக்கு நம் நெறி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு சாரார், எலும்பு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாமே ஹராம் என்று அஞ்சிச் சிகிச்சையையே விட்டுவிடுகின்றனர். அதுவும் இமாம்கள் காட்டிய வழியன்று.

குடும்பத்தினர் கருத வேண்டியவை இன்னும் சில. பல் பிடுங்க நேர்ந்தால் வெற்றிடத்தை ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்காமல், எலும்பைக் காக்கும் வழியை அப்போதே மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்க்கும் புகைபிடிப்போர்க்கும் ஊன்றிய வேர் நிலைக்காமற் போகும் வாய்ப்பு மிகுதி. எலும்புத் தேய்வுக்கு மருந்து உண்போர் அதை முன்னதாகவே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். செலவைத் தாங்க இயலாதவர்க்கு நன்கு பொருந்தும் பல்செட்டும் நல்ல தீர்வே. கடனில் மூழ்கி இச்சிகிச்சையைப் பெற வேண்டுமென்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நிலையாக ஊன்றிய பல் உடலின் உறுப்பைப் போன்றதாகிவிடுவதால் உளூவுக்கும் குளிப்புக்கும் அது தடையாகாது. எல்லாவற்றுக்கும் முன்னே, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் உம்மத்துக்கு வலியுறுத்திய மிஸ்வாக்கைப் பேணியிருந்தால், பலருக்கு இந்த வினாவே எழுந்திராது.

எலும்பு வளர்வதற்குச் சில மாதங்கள், வேர் பிணைவதற்குச் சில மாதங்கள் என ஹஜ்ரத் ஓராண்டுக்கு மேல் பொறுமையுடன் காத்திருந்தார். பல் பொருத்திய வாரத்தில் நாம் மக்தபுக்குச் சென்றிருந்தோம். சிறுவன் ஒருவன் அல்ஃபலக் சூரா ஓதிக்கொண்டிருந்தான். ஃபாவை அவன் உதட்டாலேயே ஒப்பேற்றினான். ஹஜ்ரத் அவனை நிறுத்தி, தம் மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காட்டி, "இப்படி" என்றார். சிறுவன் உற்றுப் பார்த்துச் சரியாகச் சொன்னான். அல்ஹம்துலில்லாஹ்.